ஜெர்மன் தெரிந்தால் சுவிஸ் ஜெர்மனும் டச்சும் தானாக வந்துவிடுமா?

மேலோட்டமாகப் பார்த்தால் உங்கள் கேள்வி ஒன்றுதான். சென்னையில் பி1 என்ற இடைநிலை வரை ஜெர்மன் முடித்துவிட்டு வேலைக்காக சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கு வந்திருக்கிறீர்கள். சுவிஸ் ஜெர்மன், டச்சு, லக்சம்பர்க் மொழி எல்லாம் ஜெர்மனின் வட்டார வழக்குகள்தானே, ஒன்று தெரிந்தால் மற்றவை தானாக வந்துவிடாதா என்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள். முதல் வாரம் ரொட்டிக்கடையில் அந்த அம்மா கேட்டது ஒரு வார்த்தைகூடப் புரியாமல் தலையை ஆட்டிவிட்டு, வேண்டாத இரண்டு பன்னையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வந்தீர்களாம். உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது: காசு கொடுத்துப் படித்தது எந்த ஊர் ஜெர்மன்?

நான் ஜெர்மானிய மொழிகளின் வரலாறு படித்தவன். பதினெட்டு வருஷமாக பாசலுக்கும் ஃப்ரைபுர்குக்கும் நடுவே மொழிபெயர்த்துப் பிழைக்கிறேன். என்னிடம் கேட்டால், நீங்கள் படித்தது எந்த ஊர் ஜெர்மனும் இல்லை. அது எழுதுவதற்காக உருவான பொதுமொழி. தொடக்கத்தில் யாருடைய வீட்டிலும் அதைப் பேசவில்லை. அதை வைத்துக்கொண்டு சுவிஸில் எந்த அலுவலகக் கடிதத்தையும் முழுதாகப் படிக்கலாம். டச்சுச் செய்தித்தாளைத் தட்டுத்தடுமாறிப் படித்துவிடலாம். காது மட்டும் தனியாகப் பழக வேண்டும். டச்சு ஜெர்மனின் வழக்கு அல்ல, அதில் சந்தேகம் வேண்டாம். சுவிஸ் ஜெர்மனும் லக்சம்பர்க் மொழியும் வழக்கா மொழியா என்பது யார் கேட்கிறார்கள், எந்த வருஷம் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

முதலில் அந்த ரொட்டிக்கடை. அவர் கேட்டது அநேகமாக இதுதான்: "டார்ஃப்ஸ் நோ எப்பிஸ் ஸீ?" உங்கள் பாடப்புத்தகத்தில் இது "டார்ஃப் எஸ் நோஹ் எட்வாஸ் ஸைன்?" என்று இருக்கும், அதாவது வேறு ஏதாவது வேண்டுமா. (ஜெர்மன் ஒலிகளைத் தமிழில் தோராயமாகத்தான் எழுத முடியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.) வார்த்தைக்கு வார்த்தை அதே வாக்கியம். "நோஹ்" வால் உதிர்ந்து "நோ" ஆகிவிட்டது. "எட்வாஸ்" நிற்க வேண்டிய இடத்தில் அதன் பங்காளி "எப்பிஸ்" நிற்கிறது. "ஸைன்" தான் "ஸீ" ஆகியிருக்கிறது. பார்த்தால் அந்த அம்மா சொல்லைச் சிதைத்துவிட்டார் போலத் தோன்றும். நடந்தது நேர் எதிர். எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய ஜெர்மனில் அது "ஸீன்" தான், வீட்டுக்கு "ஹூஸ்". பன்னிரண்டாம் நூற்றாண்டுவாக்கில் தென்கிழக்கே, இன்றைய ஆஸ்திரியப் பக்கம், இந்த நெடில்கள் உடைந்து "ஐ", "ஔ" என்று ஆகத் தொடங்கி மெல்ல மெல்ல வடக்கே பரவின. அந்த அலை பாசலுக்கு வந்து சேரவில்லை. அதனால் இங்கே இன்றும் "ஹூஸ்". வடகோடிக்கும் அது போகவில்லை. ஹாம்புர்க் பக்கத்துக் கிராம வழக்கிலும் "ஹூஸ்", இன்னும் வடக்கே ஸ்வீடனிலும் "ஹூஸ்". நடுவில் இருந்தவர்கள் "ஹௌஸ்" என்று மாறினார்கள், அதுவே புத்தகத்தில் ஏறியது. ஆக, அந்த அம்மா பேசுவது கெட்டுப்போன ஜெர்மன் அல்ல; உயிரொலியைப் பொறுத்தவரை உங்கள் புத்தகத்தைவிடப் பழையது.

உயிரொலி இப்படியென்றால் மெய்யொலியின் கதை இன்னும் பழையது. டச்சு ஏன் ஜெர்மன் இல்லை என்பதும் அதில்தான் இருக்கிறது. மிளகை எடுத்துக்கொள்வோம். இந்தியாவின் "பிப்பலி" (நம் திப்பிலி அதே சொல்தான்) கிரேக்கம் வழியாக லத்தீனுக்குப் போய் "பிப்பெர்" ஆனது. ரோமானியர்களோடு ரைன் நதிக்கரைக்கும் வந்தது. ஆங்கிலத்தில் அது பெப்பர், டச்சில் பேப்பர். ஜெர்மனில் மட்டும் "ப்ஃபெஃபர்". இரண்டு பகரமும் உடைந்துவிட்டன. ஏறக்குறைய ஆறு முதல் எட்டாம் நூற்றாண்டுக்குள் தெற்கே மலைப்பக்கத்து மக்களின் வாயில் வல்லினங்கள் இப்படி நெகிழ்ந்தன. ஆப்பிள் "ஆப்ஃபெல்" ஆயிற்று, வாட்டர் "வாஸர்" ஆயிற்று, டென் "ட்ஸேன்" ஆயிற்று, செய்வதற்கான "மாக்கன்" "மாஹன்" ஆயிற்று. கடன் வாங்கிய சொல் எப்போது வந்தது என்பதையும் இதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். ஓட்டுக்கும் செங்கலுக்கும் சொல்கிற "ட்ஸீகெல்" லத்தீன் "டேகுலா" விலிருந்து வந்தது. டகரம் உடைந்திருக்கிறது, ஆகவே மாற்றத்துக்கு முன்பே வந்துவிட்டது. காகிதத்துக்கான "பாபியர்" பகரம் உடையாமல் நிற்கிறது. அது இடைக்காலத்தின் கடைசியில் வந்த சொல். இந்த மெய்மாற்றம் நடந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஏன் நடந்தது, எந்த இடத்தில் தொடங்கியது என்பதில்தான் ஆய்வாளர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். யாராவது உங்களிடம் "மலைக்காற்றால் மூச்சு வாங்கி இப்படி ஆனது" என்று சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இந்த மாற்றம் வடக்கே போகப் போகத் தேய்ந்து நின்றுவிட்டது. "மாக்கன்", "மாஹன்" இரண்டையும் பிரிக்கும் கோடு ரைன் நதியைத் தாண்டும் இடம் டுஸ்ஸல்டார்ஃப் நகரின் தெற்கே இருக்கும் பென்ராத். அதனால் அதை பென்ராத் கோடு என்பார்கள். கத்தியால் வெட்டின மாதிரி கோடு என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு இடத்தில் நின்றிருக்கிறது. கொலோன் நகரம் அந்தக் கோட்டுக்குத் தெற்கேதான், அங்கே "மாஹன்" என்ற பக்கம்தான். ஆனால் ஊர்க்காரர்கள் "தாஸ்", "வாஸ்" என்று சொல்லாமல் "தாட்", "வாட்" என்பார்கள். கோட்டுக்கு வடக்கே இருப்பது கீழ்ஜெர்மன், தெற்கே இருப்பது மேல்ஜெர்மன். மேல், கீழ் என்பது தரத்தைக் குறிப்பதல்ல. வடக்கே கடலோரச் சமவெளி, தெற்கே மலை, அவ்வளவுதான்.

டச்சும் இந்த மாற்றம் எட்டாத பக்கத்து மொழி. மெய்யொலிக் கணக்கில் அது உங்கள் ஜெர்மனைவிட ஹாம்புர்க் கிராமத்துக்கும், ஓரளவு ஆங்கிலத்துக்கும் நெருக்கம். நூறு வருஷத்துக்கு முன்னால் எல்லையின் இரண்டு பக்கத்துக் கிராமத்தாரும் ஒருவரோடொருவர் சிரமமில்லாமல் பேசிக்கொண்டார்கள். பிரித்தது புத்தகமும் அரசும். 1637-இல் டச்சுக்காரர்கள் அரசு ஆதரவில் தங்கள் மொழியில் பைபிளை அச்சிட்டார்கள். 1648-இல் அவர்கள் தனிநாடு என்பதை ஸ்பெயின் ஒப்புக்கொண்டது. அதே வருஷம் சுவிஸும் ஜெர்மன் பேரரசின் பிடியிலிருந்து முறைப்படி விடுபட்டது. அப்புறம் பள்ளிக்கூடம், நீதிமன்றம், செய்தித்தாள் எல்லாம் ஆம்ஸ்டர்டாம் பக்கம் பார்த்தே வளர்ந்தன. இன்று அது தனி மொழி, முழுமையான மொழி. டச்சுக்காரரிடம் "உங்கள் மொழி ஜெர்மனின் வழக்குதானே" என்று தெரியாமல்கூடச் சொல்லிவிடாதீர்கள்.

படிக்கும்போது புரியும் என்றேன். அந்த நம்பிக்கையே சில இடத்தில் காலை வாரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ராட்டர்டாமிலிருந்து ஒரு வாடிக்கையாளர் மின்னஞ்சலை "இக் பெல் உ மோர்கன்" என்று முடித்திருந்தார். ஜெர்மனில் "பெலன்" என்றால் குரைப்பது. நாளைக்கு உங்களைக் குரைக்கிறேன் என்று எழுதியிருக்கிறாரே என்று விழித்தேன். டச்சில் அது போன் செய்வது. டச்சில் "ஸ்லிம்" என்றால் புத்திசாலி, ஜெர்மனில் "ஷ்லிம்" என்றால் மோசம். டச்சில் "மேர்" ஏரி, "ஸே" கடல். ஜெர்மனில் "மேர்" கடல், "ஸே" பெரும்பாலும் ஏரி. இன்றும் எனக்கு டச்சு வாசிக்கத்தான் வரும், பேச வராது. அதை வைத்துக் காசு வாங்கும் தைரியமும் இல்லை.

அந்த ஹாம்புர்க் பக்கத்துக் கீழ்ஜெர்மன் தனி மொழியாகாமல் போனது இதைவிடச் சுவையான கதை. ஹான்ஸா என்ற வணிக நகரக் கூட்டணியின் காலத்தில் ல்யூபெக் முதல் ஸ்டாக்ஹோம், பெர்கன் வரை வடக்குக் கடல்களின் வியாபாரமே அந்த மொழியில்தான் நடந்தது. ஸ்வீடிஷ், டேனிஷ், நார்வீஜியன் மூன்றிலும் அது புகுந்த அளவு கொஞ்சநஞ்சமல்ல. பணம் கட்டுவதற்கு ஸ்வீடிஷில் "பெட்டாலா", ஜன்னலுக்கு "ஃபோன்ஸ்டெர்", மொழி என்பதற்கான "ஸ்ப்ரோக்" கூட அந்த வழியில் வந்ததுதான். பிறகு மார்ட்டின் லூதர் 1522-இல் புதிய ஏற்பாட்டையும் 1534-இல் முழு பைபிளையும் ஜெர்மனில் வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்டது ஸாக்ஸனி அரசு அலுவலகங்களின் எழுத்துநடை. வடக்கு தெற்கு இரண்டுக்கும் ஓரளவு புரிகிற நடுத்தர நடை. வேடிக்கை என்னவென்றால் அவருடைய நண்பர் புகன்ஹாகன் மேற்பார்வையில் கீழ்ஜெர்மன் பைபிளும் அதே சமயம் ல்யூபெக்கில் அச்சாகி வந்துவிட்டது. பைபிள் இருந்தும் மொழி தப்பவில்லை. ஹான்ஸாவின் கை தளர்ந்துவிட்டது, டச்சு மாதிரி பின்னால் நிற்க ஓர் அரசும் இல்லை. பாதிரிமாரும் பள்ளிக்கூடங்களும் லூதரின் நடைக்கு மாறிவிட்டார்கள். வடக்கத்தியர்கள் அந்த மேல்ஜெர்மனைப் புத்தகத்திலிருந்து அந்நிய மொழி போலக் கற்று, எழுதியிருப்பதை எழுதியபடியே உச்சரித்தார்கள். ஹானோவர் ஜெர்மன்தான் சுத்தமானது என்று உங்கள் வாத்தியார் சொல்லியிருப்பார். சுத்தத்தின் காரணம் இதுதான்: அங்கே அது எழுத்துக்கூட்டிப் படித்து வந்த மொழி.

லக்சம்பர்க் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மோஸல் ஆற்றின் இரு கரையிலும் பேச்சு ஏறக்குறைய ஒன்று. ஜெர்மன் கரையில் அதற்குப் பெயர் வட்டார வழக்கு. மறு கரையில் 1984-இல் சட்டம் போட்டு தேசிய மொழி ஆக்கினார்கள். ஆற்றுக்கு நடுவில் இலக்கணம் ஒன்றும் மாறவில்லை.

நீங்கள் இருக்கும் ஊரே இதற்கெல்லாம் நல்ல பாடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை 8-ஆம் எண் ட்ராமில் ஏறி ஜெர்மனியின் வைல் ஆம் ரைன் வரை போய்வாருங்கள்; அடுத்த வாரம் 3-ஆம் எண்ணில் பிரான்சின் சான் லூயி. மூன்று ஊரின் பழைய பேச்சும் அலமானிய வழக்கு, ஒரே குடும்பம். சான் லூயியில் தாத்தா பாட்டிகள் பேசுவார்கள், பேரன்கள் பிரெஞ்சு பேசுவார்கள். அந்த ஊர் இருக்கும் அல்சாஸ் வட்டாரம் 1871-இல் ஜெர்மனிக்கும் 1918-இல் பிரான்சுக்கும் கைமாறி, 1940-இல் ஹிட்லரின் பிடியில் சிக்கி மீண்ட பிறகு பள்ளியில் அந்தப் பேச்சுக்கு இடமே இல்லாமல் போயிற்று. வைல் ஊரில் பெரியவர்கள் வழக்கு பேசுவார்கள். சிறுவர்கள் பெரும்பாலும் தொலைக்காட்சி ஜெர்மன். பாசலில் மட்டும் வங்கி மேலாளரும் மருத்துவரும் குப்பை வண்டிக்காரரும் ஒரே வழக்கைப் பேசுகிறார்கள், அதில் யாருக்கும் கூச்சம் இல்லை. நாம் மேடையில் ஒன்றும் வீட்டில் ஒன்றும் பேசுகிறவர்கள். நமக்கு இது புரியாத விஷயமல்ல. சுவிஸ் தொலைக்காட்சியில் செய்தி பொதுமொழியில் வரும், வானிலை வழக்கில் வரும். 2011-இல் ஜூரிக் மாநில மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, மழலையர் பள்ளியில் வழக்கைத்தான் பேச வேண்டும் என்று முடிவுசெய்தார்கள்.

ஜெர்மனும் பிரெஞ்சும் முதன்முதலில் எழுத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்றதும் இந்த வட்டாரத்தில்தான். 842 பிப்ரவரியில் ஸ்ட்ராஸ்புர்கில் இரண்டு அரச சகோதரர்கள் மூத்த அண்ணனுக்கு எதிராகக் கூட்டுச் சேர்ந்து சத்தியம் செய்துகொண்டார்கள். கிழக்கை ஆண்ட லுட்விக், தம்பியின் படைக்குப் புரிய வேண்டுமென்று பிரெஞ்சின் மூதாதை மொழியில் சத்தியம் செய்தார். மேற்கை ஆண்ட சார்லஸ் ஜெர்மனின் மூதாதை மொழியில் செய்தார். நிதார்ட் என்பவர் இரண்டையும் அப்படியே எழுதிவைத்திருக்கிறார். ஒவ்வொருவரும் மற்றவர் மொழியில் பேசியதுதான் எனக்குப் பிடித்த விஷயம். அல்சாஸிலும் பாசலிலும் பேசும் வழக்குக்குப் பெயர் கொடுத்த அலமானியர் என்ற பழைய இனத்தின் பெயரால்தான் பிரெஞ்சுக்காரர்கள் ஜெர்மனி முழுவதையும் "அல்மான்யு" என்கிறார்கள். ஃபின்லாந்துக்காரர்கள் ஸாக்ஸன்களைப் பார்த்தார்கள், ஆகவே "ஸாக்ஸா". போலந்துக்காரரும் செக்காரரும் ஜெர்மனிக்கும், ரஷ்யர்கள் ஜெர்மன்காரர்களுக்கும் சொல்கிற பெயர்கள் "நியெம்" என்பது போலத் தொடங்கும். ஊமை என்ற ஸ்லாவியச் சொல்லோடு சேர்ந்தது அது, அதாவது நம் பேச்சு புரியாதவன். ஈழத் தமிழர்கள் இந்த நாடுகளுக்கு வந்து, ஜெர்மன்காரர் தன் மொழியைச் சொல்கிற "டாய்ச்" என்ற பெயரையே "டொச்" என்று எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சொல்லின் பழைய பொருள் "மக்களுடையது", அதாவது லத்தீன் அல்லாத பாமரர் பேச்சு.

கிழக்குப் பக்கம் நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. எல்லை என்பதற்கு ஜெர்மனில் "க்ரென்ட்ஸெ" என்று படித்திருப்பீர்கள். அது ஸ்லாவியச் சொல், "க்ரானித்ஸா". பக்கத்து வீட்டுக்காரனிடமே வேலிக்குப் பெயர் வாங்கியிருக்கிறார்கள்! வெள்ளரிக்காயின் "குர்கெ", தயிர்க்கட்டியின் "க்வார்க்" இரண்டும் அங்கிருந்து வந்தவைதான். லைப்ட்ஸிக், ட்ரெஸ்டன் ஊர்ப்பெயர்களும் ஸ்லாவியம். அந்தப் பக்கம் போனவை இன்னும் வேடிக்கையானவை. ரஷ்யனில் முடிதிருத்துபவர் "பரிக்மாஹெர்". ஜெர்மனில் அது பொய்முடி செய்பவர், இன்றைய ஜெர்மன்காரர் யாரும் அந்தச் சொல்லைப் புழங்குவதில்லை. அவர் போவது "ஃப்ரிஸோர்" கடைக்கு, கேட்க பிரெஞ்சு; பிரெஞ்சுக்காரரோ அதைக் கைவிட்டு "குவாஃபோர்" என்கிறார். உங்கள் பாசல் தெருப் பலகையிலும் "குவாஃபோர்" தான் இருக்கும், பாருங்கள். சுவிஸ் ஜெர்மனில் பிரெஞ்சு இப்படி நிறையக் கிடக்கிறது: ரயில் நடைமேடை "பெரோன்", பயணச்சீட்டு "பில்யெட்", சைக்கிள் "வெலோ". ஜெர்மனியிலும் ஒரு காலத்தில் பெரோன், பில்யெட் என்றுதான் சொன்னார்கள். 1871-இல் பேரரசு அமைந்த பின் தபால்துறையிலும் ரயில்வேயிலும் உட்கார்ந்து பிரெஞ்சுச் சொற்களைக் களைந்து "பான்ஸ்டைக்", "ஃபார்கார்டெ" என்று போட்டார்கள். சுவிஸுக்கு அந்த அவசியம் இருக்கவில்லை. ஆஸ்திரியா 1995-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும்போது தன் சமையலறைச் சொற்கள் 23-ஐ ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டது. அதில் காலிஃப்ளவரின் "கார்ஃபியோல்" இத்தாலியனிலிருந்து வந்தது, காரக் கிழங்கின் "க்ரேன்" ஸ்லாவியத்திலிருந்து. தனித்துவம் என்று காப்பாற்றியதில் பாதி அக்கம்பக்கத்துச் சரக்கு.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? இலக்கணம் புதிதாகப் படிக்க வேண்டியதில்லை. மூன்று நான்கு மாற்றங்களைக் காதில் போட்டுக்கொண்டாலே பாதி திறந்துவிடும். "ஔ" வர வேண்டிய பல இடத்தில் "ஊ", "ஐ" வர வேண்டிய பல இடத்தில் "ஈ". சாதாரண இறந்தகாலமே கிடையாது. "இருந்தேன்" என்பதற்கு "வார்" என்று காத்திருக்காதீர்கள், "பி க்ஸி" என்றுதான் வரும். பாசல் பேச்சில் குழந்தை "கிண்ட்" ஆகவே இருக்கும்; ரயிலில் ஒரு மணி நேரம் போய் ஜூரிக்கில் இறங்கினால் தொண்டையைச் செருமி "ஹிண்ட்" என்பார்கள். என் அனுபவத்தில் தினமும் கேட்டால் ஆறு மாதத்தில் கூட்டத்தில் பேசுவது பிடிபட ஆரம்பிக்கும். சிலருக்கு ஒரு வருஷம் ஆகிறது. மலைக்கு அந்தப் பக்கம் வாலிஸ் மாநிலத்துக்காரர்கள் பேசுவது இத்தனை வருஷம் கழித்து எனக்கே பாதிதான் புரிகிறது, அதற்கு என்னை நம்ப வேண்டாம். நீங்கள் திணறுவதைப் பார்த்ததும் எதிரில் இருப்பவர் மரியாதைக்குப் பொதுமொழிக்கு மாறுவார். மாற வேண்டாம், நீங்கள் வழக்கிலேயே பேசுங்கள், நான் பொதுமொழியில் பதில் சொல்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். இங்கே அது சகஜம். இங்கே பிறந்து வளர்ந்த ஈழத்துப் பிள்ளைகள் யாரையாவது பழக்கம் பிடித்தால் இன்னும் நல்லது. வழக்கு அவர்களுக்கு வீட்டுத் தமிழ் மாதிரி சரளம், எங்கே இடிக்கிறது என்பதைத் தமிழிலேயே சொல்லுவார்கள்.

அடுத்த முறை அந்த அம்மா "நோ எப்பிஸ்?" என்றால், "நாய், தாஸ் இஷ் அலெஸ், மெர்ஸி" என்று சொல்லிப் பாருங்கள். இல்லை, அவ்வளவுதான், நன்றி என்று அர்த்தம். "நாய்" என்பது இங்கே "இல்லை", பயப்பட வேண்டாம்.